தரை ஆள் உட்காரக் கூடாது

தொட்டில் மேலே இருக்கும்வரை தரை ஆள் உட்காரக் கூடாது. அப்பா காலத்திலிருந்து எங்கள் கூட்டத்தில் இருக்கும் வழக்கம் இது.

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது எங்கள் தொழில். மொட்டை மாடியின் விளிம்பிலிருந்து இரண்டு கம்பிவடங்கள் தொங்கும். அவற்றில் மாட்டிய நீளமான இரும்புப் பெட்டியைத்தான் தொட்டில் என்போம். இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த சக்கரம் உண்டு. ஆளுக்கொரு முனையில் நின்று ஒரே வேகத்தில் சுற்றினால் தொட்டில் மட்டமாக ஏறும். ஒருவன் கை நின்றுபோனால் அந்தப் பக்கம் சாயும். கீழே ஒருவன் அண்ணாந்தபடி நின்று, வடம் முறுக்கிக்கொள்கிறதா, காற்று எப்படி அடிக்கிறது என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான். அவன்தான் தரை ஆள். மேலே இரண்டு உயிர் தொங்கும்போது கீழே ஒருவன் குந்தியிருந்தால் அவனை மனிதக் கணக்கில் சேர்க்க முடியாது என்பார் அப்பா. எங்கள் வீட்டு ஆட்கள் இன்னும் ஒரு படி மேல். பொறுப்பு எங்களுடையதாக இல்லாவிட்டாலும், தொட்டில் ஏறியிருந்தால் உட்கார மாட்டோம்.

முப்பத்தைந்து வருடம் நான் மேலே இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு முழங்கால் வலி என்று சொல்லி இறங்கித் தரை ஆளானேன். என் முனைக்குத் தம்பி வந்தான். எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பா போகும்போது அவனுக்கு ஆறு வயது. சட்டைக்குப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்ததிலிருந்து தொட்டிலில் ஏற்றியது வரை என் கைதான். மறுமுனையில் நெட்டையன். முன்பு எனக்கும் அவன்தான் ஜோடி.

அந்த வியாழக்கிழமை காலையில் தொட்டில் தரையில்தான் இருந்தது. பெயிண்ட் டப்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் கொக்கியை விட்டபோது அது நழுவி, இரும்பு விளிம்பில் இருந்த தம்பியின் கட்டைவிரல்மேல் விழுந்தது. நகம் பாதி பெயர்ந்துவிட்டது. அவன் முதலில் சிரித்தான். கையை உதறி, ஒன்றுமில்லை என்றான். இதைவிடப் பெரிய அடியெல்லாம் பட்டவன்தான்.

பிறகு கொட்டாவி விட்டான். ஒன்று, இன்னொன்று. வேலை நேரத்தில் என்ன கொட்டாவி என்று எனக்கு எரிச்சல் வந்தது. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பட்டி பூசிய சுவர்போல வெளுத்திருந்தது. மேல் உதட்டில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

"அண்ணே, காது அடைக்குது," என்றான். முழங்கால் மடங்கத் தொடங்கியது.

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், குழாய் வேலைக்காரர்கள் என்று இருபது பேர் அங்கே இருந்தார்கள். நான் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சுவரோடு சாத்தி நிறுத்தினேன். அவன் சரியச் சரிய நான் தூக்கினேன்.

"நில்லுடா. எல்லாரும் பாக்கறாங்க."

அவன் நிற்கவில்லை. காலையில் தின்ற ரொட்டியும் முட்டையும் டீயும் அப்படியே என் சட்டைமேல் வந்தது. சூடாக நெஞ்சில் இறங்கி, இடுப்பு வாரில் தேங்கியது. அந்தப் புளித்த வாடையில் எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. நெட்டையன் ஓடிவந்து, படுக்க வையுங்கள் என்றான். எங்கள் வீட்டு ஆள் தரையில் படுக்க மாட்டான் என்றேன். அவன் என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. என் கையைப் பிரித்து எடுத்து, தம்பியை மண்ணில் கிடத்தி, காலைத் தூக்கி ஒரு பெயிண்ட் டப்பாமேல் வைத்தான். ஒரு நிமிடத்தில் தம்பியின் உதட்டில் நிறம் வந்தது. முழுதாக நினைவு தப்பவில்லை, கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல எல்லார் பேச்சும் கேட்டது என்று பிறகு சொன்னான்.

கேட்டிருக்க வேண்டாம். டைல்ஸ்காரன் ஒருவன் சொன்னது எனக்கும்தான் கேட்டது.

"கட்டைவிரல் நசுங்கினதுக்கே ஆள் காலி. தொட்டாச்சிணுங்கியப் போய்த் தொட்டில்ல ஏத்தியிருக்காங்க."

சிரித்தார்கள். ஒரு கிழவன் மட்டும், சிரிக்காதீர்கள், இது நெஞ்சு சம்பந்தப்பட்டது, என் மச்சானுக்கு இப்படித்தான் தொடங்கியது என்றான். எனக்குச் சிரித்தவர்களைவிட அவன்மேல்தான் அருவருப்பு அதிகம். அடுத்தவன் உடம்பில் நோய் தேடுகிற முகம் ஒன்று இருக்கிறது. பசியோடு இருக்கும் முகம் அது.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லாருக்கும் அவர் விசில்தான். அவர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இதயக் கோளாறு இருந்திருக்கா?"

"இல்லை," என்றேன்.

ஈசிஜி எடுத்து, நெஞ்சில் கோளாறு இல்லை என்று தெரிகிறவரை தம்பி தொட்டிலில் ஏறக் கூடாது என்றார். ஒரு சீட்டில் அவன் பெயரும் வயது நாற்பத்து மூன்று என்றும் எழுதி, கம்பெனி வழக்கமாக அனுப்பும் பரிசோதனைக்கூடத்தின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அப்பா ஐம்பத்திரண்டு வயதில் போனார். மதியம் தொட்டிலிலிருந்து இறங்கினார், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார், சுவரில் சாய்ந்தார். மூடியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நெஞ்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று. அது நெஞ்சு என்று ஆகிவிட்டால் அவர் மகனை எவன் தொட்டிலில் ஏற்றுவான்? எவன் என்னோடு ஜோடி சேருவான்? வெயில் என்றேன். கேட்டவர்களிடமெல்லாம் வெயில் என்றேன். அம்மாவிடம்கூட. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஆனால் அந்தச் சீட்டைத் தம்பி கையில் பார்த்தபோது வெயில் எங்கோ போய்விட்டது.

நான் மனைவியை இழந்தவன். தம்பி வீட்டின் முன்னறைதான் என் இடம். அன்று மாலை அவன் பின்கட்டுப் படியில், துணி சுற்றிய கட்டைவிரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவன் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணை உறை தைத்துக் கொடுப்பவள் அவள். மெஷின் சத்தத்தில் எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்காது.

"எனக்கும் பயமாத்தான் இருக்குண்ணே. பாத்துடலாம்," என்றான்.

பார்த்து, அப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கிறது என்று எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் விரலையே பார்த்தான்.

"உன் பேர்ல நான் போறேன். இந்த வயசுலயும் இருபது லிட்டர் டப்பாவ ஒத்தக் கையில தூக்கறேன். என் நெஞ்சக் காட்டினா ஒருத்தனும் ஒரு சொல் சொல்ல முடியாது."

"அண்ணே, அது எப்படிண்ணே..."

"சீட்டைக் குடு."

கொடுத்தான். எங்கள் வீட்டில் நான் ஒன்றைச் சொன்னபின் பேச்சு நீளாது. அப்படித்தான் நான் வளர்த்திருந்தேன்.

பரிசோதனைக்கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே பூட்டுச் சாவி கடை. முதல் மாடித் திருப்பத்தில் நின்று, அங்கே தொங்கிய பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். படிக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. இடப்பக்கத் தாடை இழுத்தது. கடைவாய்ப் பல் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பல் எனக்கு மூன்று வருடமாக மாடிப்படியில் மட்டும்தான் வலிக்கும்.

ஈசிஜி எடுக்கிற பெண் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அந்நியப் பெண் முன்னால் வெற்று மார்போடு ஒரு ரெக்ஸின் கட்டிலில் படுப்பேன் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு முன்னால் படுத்தவனின் வேர்வை அதில் இன்னும் காயவில்லை. முதுகு ஒட்டிக்கொண்டது. என் மார்பில் முடி அடர்த்தி. கருவி ஒட்டாது என்று சொல்லி ஒரு மலிவு ரேசரை எடுத்து, ஆறு இடத்தில் வட்டவட்டமாக மழித்தாள். எச்சில்போல வழுவழுப்பான எதையோ ஜில்லென்று தடவினாள். ரப்பர் குமிழ்களை அழுத்தினாள். அட்டைப்பூச்சிகள் கவ்வியதுபோல இருந்தது. சீட்டைப் பார்த்தாள், என் மார்பைப் பார்த்தாள்.

"நாப்பத்து மூணா ஐயா?"

"எங்க பரம்பரையில சீக்கிரம் நரைச்சிடும்."

"தாடையும் சீக்கிரம் தொங்கிடும் போல," என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கருவியிலிருந்து காகிதம் நாக்குபோல நீண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. குமிழ்களைச் சரிபார்த்து இன்னொரு தடவை எடுத்தாள். நெஞ்சு வலித்ததுண்டா, கை கடுத்ததுண்டா, மூச்சு வாங்குமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"கொஞ்சம் உக்காருங்க ஐயா. டாக்டர் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாரு."

வேலை இருக்கிறது என்று எழுந்தேன். ரிப்போர்ட் நேராகக் கம்பெனிக்குப் போய்விடும் என்றாள். போகட்டும் என்றேன். அந்த வழுவழுப்பைச் சட்டையாலேயே துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

சனிக்கிழமை விசில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் அந்தக் காகிதம் இருந்தது. தம்பியை உட்காரச் சொன்னார், என்னையும்தான். தம்பி உட்கார்ந்தான்.

"பயப்படாதீங்க. ஆனா உண்மையச் சொல்லிடறேன். உங்களுக்கு முன்னாடியே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு. இதயத்துல தழும்பு இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. எப்பயாவது பெருசா வலிச்சுதா?"

தம்பி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். கேள்வி அவனுக்கு, பதில் என்னிடம். ஆணியில் வரிசையாகத் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டுகளை நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை எண்ணியபோது அவன் பதில் சொன்னான்.

"தெரியல சார்," என்றான்.

இனி அவன் தொட்டிலில் ஏறக் கூடாது, வேலையிடத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று ஆயிற்று. அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை பக்கத்துக் கட்டடத்தில் வேலை தொடங்குகிறது. அதற்குள் நெட்டையனுக்கு வேறு ஜோடி பார்த்துவிடுவார்கள். தொட்டிலில் ஒருமுறை இடம் போனால் போனதுதான். ஜோடி சேர்ந்தவர்களை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

வீடு நோயாளி வீடாக மாறிற்று. விசில் முன்னமே தம்பி மனைவிக்குப் போனில் சொல்லியிருந்தார். அவள் தம்பியைக் கட்டிலில் படுக்கவைத்து, எழுந்து நிற்கக்கூட விடவில்லை. நான் செய்தது அவளுக்குத் தெரியாது. சத்தம் நெஞ்சுக்கு ஆகாது என்று தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். ஓடிக்கொண்டே இருந்த மெஷின் நின்றபின் அந்த வீட்டில் கேட்ட சத்தம், நான் மெல்லும் சத்தம்தான்.

இரண்டு பானைகளில் சமைத்தாள். அவனுக்கு உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் ஒன்று. எனக்கு வழக்கம்போல ஒன்று. அவன் அந்தச் சப்பென்ற சோற்றை உருட்டி விழுங்குவான். எதிரே நான் உப்புப் போட்ட சோற்றைத் தின்றேன். ஆறு நாளும் என் தட்டில் உப்பு இருந்தது.

பார்க்க வந்தவர்களைச் சொல்ல வேண்டும். தம்பி மனைவியின் அண்ணன் தினமும் வந்தார். காய்கறிக் கடைக்காரர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்து நெஞ்சு நின்று செத்தவர்கள் எல்லாரையும் வரிசையாகச் சொல்வார். யார் பேசிக்கொண்டிருக்கும்போதே போனார், யார் கழிவறையில் போனார் என்று. சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார். மூன்றாவது வீட்டுக்காரி, தம்பியின் கால் வீங்கியிருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். இந்தக் கூட்டத்தை வெளியே போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த வாயால் சொல்வது?

மூன்றாம் நாள், அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, எத்தன நாள் வேணும்னாலும் நான் இப்படியே படுத்துக்கிடக்கிறேன். நீங்க போய் ஒரு டாக்டரப் பாருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"மெஷின் தப்பு," என்றேன்.

"மெஷின் தப்புன்னா நான் எதுக்குண்ணே படுத்திருக்கேன்?"

அவன் கோபப்பட்டுக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லி அடக்கியிருப்பேன். ஆறு வயதில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, இது எந்த ஓட்டைக்கு என்று கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான். நான் வெளியே போய்த் தெருமுனைவரை நடந்தேன். பல் வலித்தது.

வெள்ளிக்கிழமை அவள் யாரையும் கேட்காமல் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காலையில் போனவர்கள் மாலையில்தான் வந்தார்கள். அப்போது நான் பின்கட்டுக் குழாயடியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கண்மேல் துண்டு இருந்ததால் அவள் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. துண்டை எடுத்தபோது, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் முடி குத்துக்குத்தாக முளைத்திருந்தது. ஆறு வட்டங்களும் இன்னும் வட்டங்களாகவே இருந்தன.

பத்து வருடத்தில் அவள் என் எதிரே நின்று பேசியதில்லை. கதவோரம் நின்றுதான் பேசுவாள். நான் துண்டை இழுத்து மார்பை மூடினேன். அவள் உள்ளே போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் தம்பி கட்டிலை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தான். அவள் அவன் தட்டில் என் பானையிலிருந்து போட்டாள். உப்பில்லாத பானையை எடுத்து வந்து என் தட்டில் போட்டாள். கரண்டியைத் தட்டில் தட்டிக்கூடப் போடவில்லை. மெதுவாகத்தான் போட்டாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கயும் ஈசிஜி எடுத்தாங்க மாமா. இவருக்கு ஒண்ணும் இல்லயாம். திடீர்னு வலி வந்தா சில பேர் உடம்பு இப்படித்தான் பண்ணுமாம். ரத்தம் காலுக்கு எறங்கிடுமாம். படுக்க வச்சுக் கால உசத்தினா சரியாயிடுமாம். 'மயக்கம் வர்றவரப் போய் யாரும்மா நிக்க வச்சது'ன்னு டாக்டர் கேட்டாரு."

தம்பி அவளை நிறுத்தப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பழைய பேப்பரோட காப்பியக் காட்டினேன். இது வேற ஆளோடதுன்னுட்டாரு. வழி பூரா இவரக் கேட்டேன். வாயத் திறக்கல. இவர் நெஞ்சுல ஒரு முடிகூட மழிக்கலயே, அப்புறம் எப்படி ஒட்டினாங்கன்னுகூட எனக்குத் தோணல. ஒரு வாரம் அந்த நெஞ்சத்தான் தடவிக்கிட்டு இருந்தேன் மாமா. இவர் தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குல விரல் வச்சுப் பாத்தேன்."

என் வாயில் இருந்த கவளத்துக்கு எந்த ருசியும் இல்லை. ஈரக் காகிதத்தை மெல்வதுபோல இருந்தது. துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தேன். இதைத்தான் அவன் ஆறு நாள் தின்றான்.

கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, குடும்ப மானத்துக்காகச் செய்தேன் என்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"அந்த மானத்துக்கு இவர் நோயாளியாக் கிடக்கணும். சரி. நீங்க சாகவும் செய்யணுமா? செவ்வாக்கிழம உங்களுக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நாளைக்கு விசில் சார்கிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா, புருஷனோட வேலைக்காகப் பொய் சொல்றாள்னுவாங்க."

நான் எழுந்து கை கழுவப் போனேன். கவளத்தைச் சாக்கடையில் துப்பினேன். திரும்பி வந்தபோது தட்டு அங்கேயே இருந்தது. மறுபடி உட்கார்ந்து, தட்டில் இருந்த மிச்சத்தைத் தின்று முடித்தேன்.

சனிக்கிழமை விசிலின் அறையில் தனியாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் அறையில் இல்லை. புதுக் கட்டடத்தின் அடியில் நெட்டையனோடும் அவனுக்குப் பார்த்திருந்த புது ஜோடியோடும் நின்றிருந்தார். சுற்றிலும் ஆட்கள். அந்த டைல்ஸ்காரனும் இருந்தான். தம்பியும் அவன் மனைவியும் எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

அந்தக் காகிதம் என்னுடையது என்றேன். விசிலுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிக் காட்டினேன். அறுபது வயதில், வெட்டவெளியில், இருபது பேர் முன்னால். டைல்ஸ்காரன் பூச்சுக் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தான்.

விசில் ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"அப்ப அந்த அட்டாக் உங்களுக்குத்தான் வந்திருக்கு. எப்ப?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். தம்பிக்கு இடம் கிடைத்திருக்கும். வந்த வேலை முடிந்திருக்கும். ஆனால் நெட்டையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, பதினான்காவது மாடியில் என்றேன். நெஞ்சில் யாரோ ஏறி நின்றதுபோல இருந்தது. தாடையிலிருந்து இடது கை விரல்வரை கடுத்தது. கைப்பிடியை விட்டுவிட்டேன். என் பக்கம் தொட்டில் சாய்ந்து, ஒரு டப்பா நழுவி, கீழே யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது. நெட்டையன் இரண்டு முனைக்கும் மாறிமாறி ஓடி, இரண்டு சக்கரத்தையும் தான் ஒருவனாகவே சுற்றி, பதினான்கு மாடி இறக்கினான். அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயிருந்தது. கேட்டதற்கு நான் ஒரு காரணம் சொன்னேன். மறு வாரம் முழங்கால் வலி என்று இறங்கிவிட்டேன்.

நெட்டையன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"வெயில்னு சொன்னீங்க," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பக்கத்தில் கிடந்த மணல்மேல் காறித் துப்பிவிட்டு வடத்தைச் சரிபார்க்கப் போனான். அவன் துப்பியது மணலில்தான். மணலில் விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விசில் எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். தம்பி திங்கட்கிழமை ஏறலாம். கையில் அடிபட்டால் உடனே தொட்டிலின் தளத்தில் படுத்துவிட வேண்டும், நெட்டையனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்றார். என்னைத் தரை ஆளாக வைத்துக்கொள்ள முடியாது. அது நான் எதிர்பார்த்ததுதான்.

திங்கட்கிழமை காலையில் புதுத் தரை ஆளிடம் பொறுப்பை ஒப்படைக்கப் போனேன். சிமெண்ட் கலக்கிக்கொண்டிருந்தவன். காற்று திரும்பினால் எப்படிக் குரல் கொடுப்பது, வடம் முறுக்கினால் எந்தக் கையைத் தூக்குவது என்று காட்டினேன். உட்காரக் கூடாது என்றும் சொன்னேன். தலையாட்டினான். நெட்டையனும் தம்பியும் ஏறினார்கள். தம்பியின் கட்டைவிரலில் புதுக் கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஆள் உயரம் ஏறியதும் தொட்டில் நின்றது. நெட்டையன் ஏதோ சொல்ல, சிமெண்ட்காரன் போய் ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து என் பின்னால் கவிழ்த்து வைத்தான்.

"உக்காருங்கண்ணே," என்றான் தம்பி மேலிருந்து.

நான் நின்றேன். நீ ஏறு என்று கையால் காட்டினேன்.

"நீங்க உக்காந்தாத்தான் சுத்துவேன்."

குரலை உயர்த்தவில்லை. அவன் எனக்கு நிபந்தனை போட்டது அதுதான் முதல் தடவை. நெட்டையனும் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். குழாய் வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டைல்ஸ் அறுக்கும் மெஷின் நின்றது. இரண்டு பேர் அந்தரத்தில், நான் தரையில், இடையில் ஆள் உயரம்தான்.

உட்கார்ந்தேன். டப்பாவின் அடியில் காயாமல் கிடந்த பெயிண்ட் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு, ஜில்லென்று தோல்வரை வந்தது. இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கிறீச்சிட, தொட்டில் மட்டமாக ஏறிற்று. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.